கவனத்தைக் கேட்பதா, அனுமதியைக் கேட்பதா: ஸ்மார்ட் மின் கட்டமைப்பில் வீடுகளைச் சேர்க்க எந்த வழி?

எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் ஓடியது என்று பதிந்து அனுப்பும் ஸ்மார்ட் மீட்டரை மாட்டிவிட்டால் போதும், மக்கள் தாமாகவே மின்சாரத்தைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் பல நாடுகள் பெரும் பணத்தை இறக்கியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2009-இல் தொடங்கி ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் கட்டாயமாக மீட்டரை மாற்றியது. 2015-இல் அந்த மாநிலத்தின் தலைமைத் தணிக்கையாளர் கணக்குப் பார்த்து, நுகர்வோருக்குக் கிடைக்கப்போகும் பலனைவிட அவர்கள் தலையில் விழுந்த செலவே அதிகம் என்று அறிக்கை கொடுத்தார். மீட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் அது அளக்கும் கருவி, அவ்வளவுதான். அளந்ததை வைத்து வீட்டாரிடம் என்ன கேட்கப்போகிறோம் என்பதை யாரோ உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டும்.

அப்படி முடிவு செய்ய வேண்டியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் மின் நிறுவனத்தில் திட்டமிடும் பொறுப்பில் இருக்கலாம், ஒழுங்குமுறை ஆணையத்தில் இருக்கலாம், ஒரு பெரிய குடியிருப்பின் சங்கத்தில் இருக்கலாம், அல்லது "இந்தத் திட்டத்தில் சேர விருப்பமா?" என்று கேட்டு வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் வீட்டுக்காரராகவும் இருக்கலாம். உங்கள் முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன: தகவல் கொடுப்பது, அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டுக் காட்டுவது, நேரத்துக்கு ஏற்ப விலையை மாற்றுவது, வேண்டுகோள் விடுத்தோ வெகுமதி கொடுத்தோ குறைக்கச் சொல்வது, கருவிகளே தானாக நேரம் மாறி ஓடும்படி செய்வது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டாரிடம் தினமும் கவனத்தைக் கேட்கும் திட்டங்கள் நாளடைவில் தேய்ந்துபோகின்றன. ஒரே ஒரு முறை தெளிவாக அனுமதி கேட்டுவிட்டு, பிறகு வேலையைக் கருவியிடம் விட்டுவிட்டு, "இன்றைக்கு வேண்டாம்" என்று எப்போது வேண்டுமானாலும் சொல்லும் உரிமையை வீட்டாரிடமே வைத்திருக்கும் திட்டங்கள்தான் தாக்குப்பிடிக்கின்றன. மற்ற நான்கும் வீண் என்று சொல்லவில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் உண்டு. எதை முதலில் வைப்பது, எதைத் துணைக்கு வைப்பது என்பதில்தான் பெரும்பாலான திட்டங்கள் சறுக்குகின்றன.

குறைப்பது வேறு, நகர்த்துவது வேறு

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம், ஏனென்றால் இரண்டு வேறு வேறு நோக்கங்களை ஒரே பையில் போட்டு "மின் சிக்கனம்" என்று பேசுவதால்தான் பாதிச் சண்டை வருகிறது. முதல் நோக்கம், மாதம் முழுக்க ஆகும் யூனிட்டுகளைக் குறைப்பது. பழைய ஃப்ரிட்ஜை மாற்றுவது, எல்இடி பல்பு போடுவது, கூரைக்கும் சுவருக்கும் வெப்பத் தடுப்புச் செய்வது எல்லாம் இதில் வரும். இரண்டாவது, அதே யூனிட்டுகளை வேறு நேரத்துக்கு நகர்த்துவது. மாலையில் எல்லோரும் ஒரே சமயத்தில் வீடு திரும்பி எல்லாவற்றையும் போடும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்காகவே, அதாவது உச்ச நேரத்துக்காகவே, மின் நிறுவனம் கூடுதல் மின்நிலையங்களையும், தடிமனான கம்பிகளையும், பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களையும் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. வருடத்தில் மிகச் சில மணி நேரமே தேவைப்படும் அந்தக் கூடுதல் திறனுக்கான செலவு வருடம் முழுக்க எல்லோருடைய பில்லிலும் வந்து உட்காருகிறது. சூரிய மின்சாரம் நிறைய இருக்கும் இடங்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மதியம் மின்சாரம் மிஞ்சும், சூரியன் இறங்கும் நேரத்தில் தேவை ஏறும்.

ஒரு வீடு தன் மொத்த யூனிட்டில் ஒன்றைக்கூடக் குறைக்காமல், மாலை ஏழு மணிக்குச் செய்ததை இரவு இரண்டு மணிக்கு மாற்றினாலே மின் கட்டமைப்புக்குப் பெரிய உதவி. அதேபோல் மாதம் 5 சதவீதம் குறைத்த வீடு, உச்ச நேரத்தில் துளியும் குறைக்காமல் இருந்திருக்கலாம். உங்களுக்கு எது தேவை என்று தெரியாமல் திட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

தகவல் கொடுத்தால் மாறுவார்களா?

ஓரளவுக்கு மாறுவார்கள். வீட்டுக்குள் ஒரு சிறிய திரை, இப்போது எத்தனை வாட் ஓடுகிறது என்று காட்டும், அல்லது கைபேசியில் ஒரு செயலி. அயர்லாந்தில் 2009, 2010 ஆண்டுகளில் சுமார் 5,000 வீடுகளை வைத்து ஒழுங்குமுறை ஆணையம் நடத்திய சோதனை இந்தத் துறையில் கவனமாகச் செய்யப்பட்டவற்றுள் ஒன்று. நேரத்துக்கு ஏற்ற கட்டணத்தையும் விதவிதமான தகவல் முறைகளையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தப் பயன்பாடு சராசரியாக 2.5 சதவீதமும் உச்ச நேரப் பயன்பாடு 8.8 சதவீதமும் குறைந்தன. விவரமான பில்லோடு வீட்டுக்குள் திரையும் கொடுத்த குழுவில் உச்ச நேரக் குறைவு 11.3 சதவீதம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 2011 கோடையில் நடந்து 2014-இல் வெளியான இன்னொரு ஆய்வு, விலையேற்றத்தை மட்டும் அறிவித்த வீடுகளில் 0 முதல் 7 சதவீதம் வரைதான் குறைவைக் கண்டது. அதே விலையோடு திரையும் இருந்த வீடுகளில் அது 8 முதல் 22 சதவீதம்.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு "அப்போ எல்லோருக்கும் திரை கொடுத்துவிடலாம்" என்று கிளம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: இரண்டு இடத்திலும் திரை தனியாக வேலை செய்யவில்லை, பக்கத்தில் விலை இருந்தது. திரை செய்தது என்னவென்றால், எந்தக் கருவி எவ்வளவு இழுக்கிறது என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்தது. பலருக்கு இது தெரியாது. விளக்கை அணைப்பதில் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கைக்கூட வாட்டர் ஹீட்டரிடம் காட்டமாட்டார்கள், ஏனென்றால் விளக்கு கண்ணுக்குத் தெரிகிறது, ஹீட்டர் சத்தமில்லாமல் ஓடுகிறது. 9 வாட் எல்இடி பல்பு ஒன்றோடு ஒப்பிட்டால், 7 கிலோவாட் வீட்டுச் சார்ஜரில் மாட்டிய ஒரு மின்சாரக் கார் 770-க்கும் மேற்பட்ட பல்புகளுக்குச் சமம். இந்த அளவு வித்தியாசம் ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால் பிறகு திரை தேவைப்படாது. அதனால்தான் முதல் சில வாரங்களுக்குப் பிறகு அதை யாரும் பார்ப்பதில்லை, அதற்காக அவர்களைக் குறை சொல்வதும் நியாயமில்லை.

தகவலால் மட்டுமே கிடைக்கும் ஒரு நல்ல பலன் உண்டு. வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் மீட்டர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். ஃப்ரிட்ஜ் தவிர ஒன்றும் ஓடாத நேரத்தில் தொடர்ந்து 100 வாட் அதிகமாகக் காட்டினால், அது வருடத்துக்கு 876 யூனிட். யாருக்கும் எந்தப் பயனும் தராமல் போகும் மின்சாரம் அது: கதவு ரப்பர் கெட்டுப்போன ஃப்ரிட்ஜ், அணைக்காமல் விட்ட பம்ப், எப்போதும் சூடாகவே இருக்கும் பழைய செட்-டாப் பாக்ஸ். இதைக் கண்டுபிடிக்கத் தினமும் செயலியைத் திறக்க வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை, "உங்கள் நடுராத்திரிப் பயன்பாடு இவ்வளவு ஏறியிருக்கிறது" என்று மின் நிறுவனமே ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். அரை மணிக்கு ஒருமுறை பதிந்த தரவைக் கையில் வைத்துக்கொண்டு இதைக்கூடச் செய்யாத நிறுவனங்கள் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பக்கத்து வீட்டோடு ஒப்பிடுவது

இது மலிவான வழி, மணி நேர மீட்டர்கூடத் தேவையில்லை. கலிபோர்னியாவின் சான் மார்கோஸில் 290 வீடுகளில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு, "உங்கள் தெருவின் சராசரி இவ்வளவு, உங்களுடையது இவ்வளவு" என்று கதவில் ஓர் அட்டையை மாட்டிப் பார்த்தது. சராசரிக்கு மேலே இருந்தவர்கள் குறைத்தார்கள். கீழே இருந்தவர்களோ, "நாம் கொஞ்சம் கூடப் பயன்படுத்தலாம் போலிருக்கிறதே" என்று ஏற்றிவிட்டார்கள். அட்டையில் ஒரு சிரித்த முகத்தை வரைந்து பாராட்டியதும் அந்த ஏற்றம் நின்றுபோனது. பிறகு அமெரிக்காவில் சுமார் 6,00,000 வீடுகளை உள்ளடக்கி, இப்படிப்பட்ட ஒப்பீட்டு அறிக்கைகளைத் தபாலில் அனுப்பிப் பார்த்ததில் சராசரியாக 2 சதவீதம் குறைந்தது என்று 2011-இல் வந்த ஆய்வு காட்டியது. இரண்டு வருடம் அனுப்பிவிட்டு நிறுத்தினால், கிடைத்த பலன் வருடத்துக்கு 10 முதல் 20 சதவீதம் என்ற வேகத்தில் தேய்கிறது என்பதும் பின்னால் தெரியவந்தது.

2 சதவீதம் சின்ன எண்தான். ஆனால் செலவும் சின்னது, யாருக்கும் தொல்லையும் இல்லை, எனவே மொத்த யூனிட்டைக் குறைப்பது உங்கள் நோக்கமென்றால் தாராளமாகச் செய்யுங்கள். உச்ச நேரத்தைக் குறிவைத்துக் குறைக்க இது உதவாது. இன்னொன்று, ஒப்பிடும்போது ஒரே மாதிரி வீடுகளை ஒப்பிட வேண்டும். நான்கு பேர் இருக்கும் வீட்டைத் தனி ஆள் வசிக்கும் வீட்டோடு ஒப்பிட்டு "நீங்கள் அதிகம் செலவழிக்கிறீர்கள்" என்று ஒரு முறை எழுதிவிட்டால், அடுத்த அறிக்கையை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

விலையை மாற்றினால்?

பொருளாதாரம் படித்தவர்கள் முதலில் கைகாட்டும் வழி இதுதான், அதில் நியாயமும் இருக்கிறது. உச்ச நேரத்தில் மின்சாரம் தர உண்மையாகவே செலவு அதிகம், அதை மறைத்து ஒரே விலை வாங்கினால் மாலையில் துணி துவைப்பவரின் செலவை இரவில் துவைப்பவரும் சேர்த்துச் சுமக்கிறார். ஆனால் "நேரத்துக்கு ஏற்ற விலை" என்ற ஒரே பெயருக்குள் மூன்று விதமான ஏற்பாடுகள் இருக்கின்றன.

முதலாவது, நாள்தோறும் மாறாத இரண்டு அல்லது மூன்று விலைக் கட்டங்கள். ஸ்பெயின் 2021 ஜூன் முதல் வீடுகளுக்கான கட்டமைப்புக் கட்டணத்தை, அதாவது மின்சாரத்தைக் கம்பி வழியே கொண்டுவருவதற்கான கட்டணத்தை, மூன்றாகப் பிரித்தது. நள்ளிரவு முதல் காலை 8 வரையும், சனி ஞாயிறு முழுக்கவும் மலிவு, வேலை நாட்களில் காலை 10 முதல் 2 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் விலை அதிகம். மனப்பாடம் செய்ய முடிகிறது, வாரத்துக்கு வாரம் மாறுவதில்லை. இரண்டாவது, சில நாட்களில் மட்டும் விலையைக் கடுமையாக ஏற்றுவது. பிரான்சின் டெம்போ கட்டணம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: வருடத்தில் 300 நீல நாட்கள், 43 வெள்ளை நாட்கள், 22 சிவப்பு நாட்கள். சிவப்பு நாள் என்றால் விலை பல மடங்கு, முந்தைய நாளே அறிவித்துவிடுவார்கள், சனி ஞாயிறில் வராது, குளிர்காலத்தில் மட்டும்தான் வரும். 22 நாட்களுக்கு மட்டும் கவனமாக இருங்கள், மற்ற நாட்களில் மலிவாகப் பயன்படுத்துங்கள் என்பது ஒரு நேர்மையான பேரம் என்று எனக்குப் படுகிறது.

மூன்றாவது, மின் நிறுவனங்கள் மின்சாரம் வாங்கும் மொத்தச் சந்தையில் மணிக்கு மணி மாறும் விலையை அப்படியே வீட்டுக்குக் கடத்துவது. இதை வீடுகளுக்குப் பரிந்துரைக்கவே மாட்டேன், குறைந்தபட்சம் ஓர் உச்சவரம்பு இல்லாமல். 2021 பிப்ரவரியில் டெக்சாஸைப் பனிப்புயல் தாக்கியபோது மொத்தச் சந்தை விலை அனுமதிக்கப்பட்ட உச்சத்தைத் தொட்டு நாள்கணக்கில் அங்கேயே நின்றது: ஒரு மெகாவாட் மணிக்கு (1,000 யூனிட்டுக்கு) 9,000 டாலர், அதாவது ஒரு யூனிட்டுக்கு 9 டாலர். சந்தை விலையிலேயே மின்சாரம் வாங்கிக்கொண்டிருந்த வீடுகளுக்குச் சில நாட்களிலேயே ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. கடுங்குளிரில் வீட்டைச் சூடாக வைத்திருப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. குறைக்க முடியாத நேரத்தில் வரும் விலை ஏற்றத்தால் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை, துன்பம்தான் மிச்சம்.

அயர்லாந்துச் சோதனைக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் அதில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. வெவ்வேறு குழுக்களுக்கு உச்ச நேர விலையை வெவ்வேறு அளவில் ஏற்றிப் பார்த்தார்கள். விலையை அதிகம் ஏற்றிய குழு அதற்குத் தகுந்தபடி அதிகம் குறைக்கவில்லை, எல்லாக் குழுக்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நடந்துகொண்டன. கையால் செய்யும் மாற்றத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். வாஷிங் மெஷினைத் தள்ளிப்போடலாம், இஸ்திரியைத் தள்ளிப்போடலாம், பசித்த பிள்ளைக்குச் சமைப்பதைத் தள்ளிப்போட முடியாது. அந்த எல்லையைத் தாண்ட வேண்டுமென்றால் விலையை இன்னும் ஏற்றுவதில் பயனில்லை, கருவியின் உதவி வேண்டும்.

அப்புறம், யாரைச் சேர்ப்பது என்ற கேள்வி. கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகர மின் நிறுவனம் 2012, 2013 கோடைகளில் இதைச் சோதித்தது. "நேரக் கட்டணத்தில் சேருங்கள்" என்று அழைத்தபோது சுமார் 20 சதவீதம் பேர்தான் சேர்ந்தார்கள். இன்னொரு குழுவை நேரடியாகச் சேர்த்துவிட்டு, "வேண்டாமென்றால் விலகிக்கொள்ளுங்கள்" என்றபோது 90 சதவீதத்துக்கு மேல் அப்படியே இருந்தார்கள். பின்னவர்கள் ஆளுக்கு ஆள் குறைத்தது குறைவுதான், ஆனால் எண்ணிக்கை பெரிது என்பதால் மொத்தப் பலன் அதிகம். நிறுவனங்களுக்கு இது பெரிய ஆசை காட்டுகிறது, எனக்கோ கொஞ்சம் தயக்கம். கவனிக்காமலே சேர்க்கப்பட்டவர்களில் நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கும் முதியவர்கள், நோயாளிகள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். அவர்களால் நகர்த்த முடிந்தது மிகக் குறைவு. நேரடியாகச் சேர்ப்பதென்றால் முதல் வருடம் முழுக்கப் பழைய கணக்குப்படி எவ்வளவு வந்திருக்குமோ அதற்கு மேல் ஒரு காசும் வாங்காமல், வித்தியாசத்தை மட்டும் பில்லில் காட்ட வேண்டும். அந்தப் பாதுகாப்பு இல்லாத கட்டாயச் சேர்ப்பை நான் எதிர்ப்பேன்.

வேண்டுகோளும் வெகுமதியும்

2022 செப்டம்பர் 6, கலிபோர்னியாவில் கடும் வெப்ப அலை, மின் தேவை அதுவரை இல்லாத உச்சம். மின்வெட்டுக்கு நூலிழையில் இருந்த நேரத்தில், மாலை 5.45 மணிவாக்கில் அவசர எச்சரிக்கை முறையில் கைபேசிகளுக்கு ஒரு செய்தி போனது: தேவையில்லாத மின்சாரத்தை இப்போதே குறையுங்கள். அரை மணி நேரத்துக்குள் 2,000 மெகாவாட்டுக்கு மேல் தேவை இறங்கியது, மின்வெட்டும் தவிர்க்கப்பட்டது. ஒரு பைசா வெகுமதி இல்லை. மக்கள் அக்கறை இல்லாதவர்கள் என்று பேசுகிறவர்களிடம் இந்த ஒரு மாலையைத்தான் சொல்வேன்.

ஆனால் அதே செய்தியை வாரம் மூன்று முறை அனுப்பினால் என்ன ஆகும்? ஜப்பானில் கியோட்டோ பகுதியில் 691 வீடுகளில் 2012-இன் கோடையிலும் அதையடுத்த குளிர்காலத்திலும் நடந்த சோதனை இதற்குப் பதில் தருகிறது. ஒரு குழுவுக்கு வேண்டுகோள் மட்டும், இன்னொரு குழுவுக்கு உச்ச நேர விலையேற்றம். வேண்டுகோள் பெற்றவர்கள் தொடக்கத்தில் சுமார் 8 சதவீதம் குறைத்தார்கள், திரும்பத் திரும்பக் கேட்கக் கேட்க அது கரைந்துபோனது. விலையேற்றத்தைப் பெற்றவர்கள் 14 முதல் 17 சதவீதம் வரை குறைத்தார்கள், அது நீடித்தது. ஆகவே வேண்டுகோளை உண்மையான நெருக்கடிக்கு மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். சாதாரண நாளுக்கு அதைச் செலவழித்தால், வேண்டிய அன்று அது பலிக்காது.

வெகுமதி வேறு கதை. உச்ச நேரத்தில் கூடுதல் விலை வாங்குவதற்குப் பதிலாக, குறைத்தவருக்குப் பணம் கொடுப்பது. பிரிட்டனில் 2022–23 குளிர்காலத்தில் மின் கட்டமைப்பை நடத்தும் நிறுவனம் இப்படி ஒரு சேவையைத் தொடங்க, 16 லட்சம் வீடுகளும் நிறுவனங்களும் சேர்ந்து 3,300 மெகாவாட் மணிக்கு மேல் குறைத்தார்கள். யாருக்கும் பில் ஏறாது என்பதால் மக்கள் தயங்காமல் சேர்கிறார்கள், எளிய வீடுகளுக்கும் நட்டம் கிடையாது. சிக்கல் கணக்கில் இருக்கிறது. "நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தியிருக்கக்கூடிய அளவு" என்று ஒன்றை ஊகித்து, அதிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று பார்த்துத்தான் பணம். அன்று தற்செயலாக வெளியூர் போனவருக்கும் பணம் கிடைக்கும். எப்போதுமே சிக்கனமாக இருப்பவருக்குக் குறைக்க ஒன்றுமில்லை என்பதால் ஒன்றும் கிடைக்காது. நல்ல பழக்கத்துக்குத் தண்டனை போல ஆகிவிடும் இந்த இடத்தை எந்தத் திட்டமும் முழுக்கச் சரிசெய்ததாக எனக்குத் தெரியவில்லை. மக்களுக்குப் புதிய பழக்கத்தை அறிமுகம் செய்ய ஒன்றிரண்டு வருடம் இதை நடத்தலாம், நிரந்தர ஏற்பாடாக வைத்துக்கொள்ளத் தகுந்ததல்ல.

கருவியிடம் விடுவது

இதுதான் நான் முதலிடத்தில் வைப்பது, எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது புதிதும் அல்ல. நியூசிலாந்தில் 1950-களிலிருந்தே மின்கம்பி வழியாகவே ஒரு சமிக்ஞையை அனுப்பி, வீட்டு வாட்டர் ஹீட்டர்களை உச்ச நேரத்தில் நிறுத்தி வைக்கிறார்கள். அதற்காகக் கட்டணத்தில் சலுகை உண்டு. ஸ்மார்ட் என்ற சொல் மின்சாரத்தோடு ஒட்டிக்கொள்வதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே நடந்த விஷயம், வீட்டார் தினமும் எதையும் பார்க்கவும் வேண்டியதில்லை, அழுத்தவும் வேண்டியதில்லை.

ஏன் வாட்டர் ஹீட்டர்? 100 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி சூடாக்கச் சுமார் 4 யூனிட் வேண்டும். வெப்பத் தடுப்பு உள்ள தொட்டியில் அந்தச் சூடு பல மணி நேரம் நிற்கும். அதிகாலையிலோ நடுப்பகலிலோ சூடாக்கினாலும் குளிப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. தனியாக ஒரு பேட்டரியும் வாங்காமல் ஏற்கனவே வீட்டிலிருக்கும் பொருளே மின்சாரத்தைச் சூடாகச் சேமித்து வைக்கிறது. தொட்டி இல்லாத உடனடி ஹீட்டருக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மின்சாரக் காரும் இப்படித்தான்: மாலை வந்து நிற்கும், காலையில்தான் கிளம்பும், நடுவில் பத்து மணி நேரம் இருக்கிறது, சார்ஜ் ஆகத் தேவையானது இரண்டு மூன்று மணி நேரம். மூன்றாவது ஏசியும் அறைச் சூடாக்கியும். உச்ச நேரத்துக்கு முன்னால் அறையைக் கொஞ்சம் கூடுதலாகக் குளிர்வித்துவிட்டு, பிறகு இரண்டு மணி நேரம் இரண்டு டிகிரி விட்டுக்கொடுப்பது. இது எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. வெயில் நேரே இறங்கும் கூரையுள்ள வீடு அரை மணியில் சூடாகிவிடும், வெப்பத் தடுப்புள்ள வீடு தாக்குப்பிடிக்கும். மேலே குறைப்பதும் நகர்த்துவதும் வேறு வேறு என்றேன், அவை ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் இடம் இதுதான். கூரைக்குத் தடுப்புச் செய்த வீட்டில் யூனிட்டும் குறைகிறது, தேவையான நேரத்தில் விட்டுக்கொடுக்கவும் முடிகிறது.

இனி இந்த வழியின் ஆபத்துகள். 2022 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்காவின் கொலராடோவில் சுமார் 22,000 வீடுகளில் ஏசியின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மின் நிறுவனம் வெளியிலிருந்தே பூட்டிவிட்டது. வீட்டார் அழுத்திப் பார்த்தும் மாற்ற முடியவில்லை. அவர்கள் சலுகை வாங்கிக்கொண்டு தாமாகச் சேர்ந்தவர்கள்தான், நெருக்கடியில் பூட்டலாம் என்று ஒப்பந்தத்திலும் இருந்தது, ஆனாலும் பெரும் கோபம் கிளம்பியது. முந்தைய ஆண்டு டெக்சாஸில் இன்னும் மோசம்: ஒரு பரிசுக் குலுக்கலில் சேர்ந்ததன் வழியாகத் தங்கள் ஏசியைக் கட்டுப்படுத்த அனுமதி கொடுத்துவிட்டதே பலருக்கு நினைவில்லை, வீடு திடீரென்று சூடானபோதுதான் தெரிந்தது. நீளமான நிபந்தனைகளுக்குக் கீழே ஒரு டிக் அடிக்க வைப்பதை நான் அனுமதி என்று கணக்கில் எடுக்கமாட்டேன். எந்தக் கருவி, எவ்வளவு நேரம், வருடத்துக்கு அதிகபட்சம் எத்தனை முறை, அதற்கு என்ன கிடைக்கும், எப்படி மறுப்பது என்று ஐந்தே வரியில் சொல்ல முடிய வேண்டும். மறுக்கும் பொத்தான் எந்தச் சூழ்நிலையிலும் வேலை செய்தாக வேண்டும். சிலர் அதை அழுத்தினால் மின் நிறுவனத்துக்குக் கொஞ்சம் இழப்புதான். பூட்டினால் திட்டத்தின் மேலிருந்த நம்பிக்கையே போய்விடும்.

இரண்டாவது ஆபத்து பொறியியல் சார்ந்தது, இதை விளம்பரக் கடிதங்களில் பார்க்க முடியாது. எல்லாக் கார்களும் மலிவு விலை தொடங்கும் அதே நிமிடத்தில் சார்ஜ் ஏறத் தொடங்கினால் நள்ளிரவில் ஒரு புதிய உச்சம் உருவாகும். நிறுத்தி வைத்த ஏசிகள் அத்தனையும் ஒரே நொடியில் திரும்ப ஓடினாலும் அதுதான். பிரிட்டன் 2022 ஜூன் 30 முதல், விற்கப்படும் வீட்டு சார்ஜர்கள் தொடங்கும் நேரத்தில் தற்செயலான ஒரு சிறு தாமதத்தைத் தாங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும், இயல்பாகவே உச்ச நேரத்தைத் தவிர்க்க வேண்டும், வண்டிக்காரர் விரும்பினால் அதை மாற்றவும் முடிய வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. நான் பார்த்தவற்றில் மிகத் தெளிவாக எழுதப்பட்ட விதிகளில் இது ஒன்று. கேட்காமலே நல்லதைச் செய்கிறது, உரிமையையும் பறிக்கவில்லை.

மூன்றாவது, தரவு. அரை மணிக்கு ஒருமுறை எடுக்கும் ரீடிங்கை வைத்து ஒரு வீட்டில் எப்போது ஆள் இருக்கிறார்கள், எப்போது தூங்கப் போகிறார்கள், எப்போது ஊரில் இல்லை என்று சொல்லிவிட முடியும். நெதர்லாந்தில் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் சட்டத்தை 2009-இல் மேலவை நிராகரித்ததற்கு முக்கியக் காரணம் தனியுரிமைதான். மறுக்கும் உரிமையை மக்களுக்குக் கொடுத்த பிறகுதான் திட்டம் நகர்ந்தது. தானாக ஓடும் ஹீட்டருக்கு உண்மையில் இந்தத் தரவு எதுவும் வெளியே போக வேண்டியதில்லை. "இப்போது உச்சம்" என்ற சமிக்ஞை உள்ளே வந்தால் போதும். வெளியே எதை அனுப்பாமல் இருக்க முடியுமோ அதை அனுப்பாதீர்கள்.

ஆக, எதை எடுப்பது?

உச்ச நேரம்தான் உங்கள் தலைவலி என்றால், முதலில் தொட்டி வாட்டர் ஹீட்டரிலும் கார் சார்ஜரிலும் தொடங்குங்கள், ஏனென்றால் அவற்றை நகர்த்தினால் வீட்டாருக்கு எந்தச் சங்கடமும் இல்லை. ஏசியைக் கடைசியில் வையுங்கள், அது உடம்பைத் தொடும் விஷயம். பின்னணியில் இரண்டு அல்லது மூன்று கட்டமுள்ள எளிய கட்டணம் இருக்கட்டும், கருவி எதற்காக நகர்கிறது என்பதற்கு அந்த விலை வித்தியாசமே காரணமாகவும், சேர்ந்தவருக்குப் பில்லில் தெரியும் பலனாகவும் இருக்கும். மொத்த யூனிட்டைக் குறைப்பதே நோக்கமென்றால் ஒப்பீட்டு அறிக்கையும் நடுராத்திரிப் பயன்பாட்டு எச்சரிக்கையும் போதும், பெரிய செலவு வேண்டாம், மிச்சப் பணத்தை வெப்பத் தடுப்புக்கும் நல்ல ஃப்ரிட்ஜுக்கும் மானியமாகக் கொடுங்கள். எதைச் செய்தாலும், குலுக்கல் முறையில் ஒரு பகுதி வீடுகளைத் திட்டத்துக்கு வெளியே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். தாமாக முன்வந்து சேர்ந்தவர்களின் பில்லை மட்டும் பார்த்தால் எந்தத் திட்டமும் வெற்றியாகத்தான் தெரியும்.

கடிதம் வந்து யோசிக்கும் வீட்டுக்காரரானால், கேட்க வேண்டியது இவ்வளவே: நான் மறுத்தால் உடனே நிற்குமா, அதற்கு அபராதம் உண்டா, முதல் வருடம் பில் ஏறினால் யார் பொறுப்பு, என் ரீடிங் யாருக்கெல்லாம் போகும், விலகினால் பழைய கட்டணத்துக்குத் திரும்ப முடியுமா. நேரான பதில் வந்தால் சேருங்கள், உங்களுக்கும் நல்லது, உங்கள் தெருவின் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நல்லது. மழுப்பினால் காத்திருங்கள்.

விளக்கு, மின்விசிறி, ஃப்ரிட்ஜ், இவ்வளவுதான் எங்கள் வீட்டில் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். நகர்த்த அவர்களிடம் ஒன்றுமே இல்லை. அவர்களை எந்த நேரக் கட்டணத்திலும் கேட்காமல் சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இன்னும் இக்கட்டில்: ஹீட்டரும் கூரையும் வீட்டு உரிமையாளருடையது, பில் மட்டும் இவர்களுடையது. அவர்களுக்கு எழுதும் கடிதத்தின் ஒரு பிரதி, கருவியை மாற்றுவதற்கான மானிய விண்ணப்பத்தோடு சேர்த்து, வீட்டு உரிமையாளருக்கும் போக வேண்டும்.